செல்போன் கோபுரத்தின் அளவைத் தெருவில் எழுதி வையுங்கள்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளிகளில் முப்பத்தோரு ஆண்டுகள் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். திருச்சியில் நாங்கள் குடியிருக்கும் தெருவில், மூன்று மாடி வீடொன்றின் மொட்டை மாடியில் செல்போன் கோபுரம் அமைக்கும் வேலை தொடங்கியதும், தெருவில் உள்ளவர்கள் கூடி மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்க முடிவு செய்தார்கள். ‘சார், நீங்கள் பாடம் நடத்தியவர், மனுவை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்’ என்று அந்தப் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொண்ட முதல் வரி, ‘இக்கோபுரத்தின் கதிர்வீச்சால் எங்களுக்கும் எங்கள் குழந்தைகளுக்கும் புற்றுநோய் வரும்’ என்பதாக இருந்தது. அன்றிரவு மனுவை எழுத உட்கார்ந்தபோது அந்த வரியை என்னால் எழுத முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதையும், அந்த இடத்தில் என்ன எழுத வேண்டும் என்று நான் கருதுகிறேன் என்பதையும், இதே போன்ற மனுவைப் பிற ஊர்களில் எழுதிக்கொண்டிருப்பவர்களுக்குத் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. அணு உலையில் எழுவதற்கும், எக்ஸ்ரே அறையில் பயன்படுவதற்கும், செல்போன் கோபுரத்திலிருந்து வருவதற்கும், அடுப்புத் தணலின் வெம்மை நம் முகத்தில் படுவதற்கும்கூட இயற்பியலில் ‘கதிர்வீச்சு’ என்ற ஒரே சொல்தான் வழங்குகிறது. ‘கதிரியக்கம்’ என்பது யுரேனியம், சீசியம் போன்ற பொருள்களின் அணுக்கரு சிதைவதைக் குறிக்கும் வேறு சொல். நாள்தோறும் படிக்கும் செய்திகளில் இவ்விரண்டும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாக வந்துவிடுகின்றன. கூடங்குளத்தையும் ஃபுகுஷிமாவையும் பற்றிப் படித்த அதே சொல்லை நம் வீட்டு எதிர் மாடியோடு சேர்த்துப் படிக்கும் ஒரு தாய்க்கு நெஞ்சு பதறுவது இயல்பு. அதை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. செல்போன் கோபுரத்தைப் பற்றி எழுதும்போது ‘ரேடியோ அலை’ என்று எழுதினாலே பாதிக் குழப்பம் தீரும் என்பதைத் தங்கள் செய்தியாளர்களிடம் ஒரு வேண்டுகோளாக வைக்கிறேன். வானொலியும் தொலைக்காட்சியும் பல பத்தாண்டுகளாக நம் ஊர்களுக்குள் அனுப்பி வந்ததும் இதே குடும்பத்தைச் சேர்ந்த அலைகளைத்தான்.

ஒளி பட்டு உலோகத்திலிருந்து எலக்ட்ரான் வெளியேறும் ஒளிமின் விளைவைப் பன்னிரண்டாம் வகுப்பில் படித்தவர்களுக்குப் பயன்தொடக்க அதிர்வெண் என்ற கருத்து நினைவிருக்கும். துத்தநாகத் தகட்டின் மீது சிவப்பு ஒளியை எவ்வளவு கூட்டி அடித்தாலும் ஓர் எலக்ட்ரான்கூட வெளியேறாது. புற ஊதா ஒளியோ மங்கலாக விழுந்தாலே வெளியேற்றிவிடும். அலையின் செறிவு எவ்வளவு என்பதற்கு முன்னால், ஃபோட்டான் எனப்படும் ஆற்றல் துணுக்கு ஒவ்வொன்றும் எவ்வளவு ஆற்றலைச் சுமந்து வருகிறது என்பதே அங்கு முடிவு செய்கிறது. உயிரணுவில் உள்ள மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி எறிய ஏறத்தாழ 10 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றல் வேண்டும். எக்ஸ்ரே கதிருக்கும் காமா கதிருக்கும் அந்த ஆற்றல் தாராளமாக உண்டு. மரபணுவை அவை சேதப்படுத்துவது அப்படித்தான். 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வரும் செல்போன் அலையின் ஒரு ஃபோட்டானுக்கு இருப்பதோ 0.0000037 எலக்ட்ரான் வோல்ட். இருபது லட்சம் மடங்குக்கும் மேற்பட்ட இந்த இடைவெளியை, கோபுரத்தில் ஆன்டெனாக்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் நிரப்பிவிட முடியாது.

அப்படியானால் இந்த அலைகள் உடலை ஒன்றுமே செய்யாதா என்று கேட்டால், செய்யும், சூடாக்கும். இந்த விளைவு ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. பாதுகாப்பு வரம்புகள் எல்லாம் இதை அடிப்படையாகக் கொண்டே எழுதப்பட்டுள்ளன. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 4 வாட் என்ற அளவில் ஆற்றலை உள்வாங்கினால் உடல் வெப்பநிலை ஏறத்தாழ ஒரு டிகிரி செல்சியஸ் உயரக்கூடும் என்று சோதனைகளில் கண்டார்கள். அதை 50ஆல் வகுத்து, பொதுமக்களின் உடலில் கிலோவுக்கு 0.08 வாட்டுக்கு மேல் சேரக் கூடாது என்று அயனியாக்காத, அதாவது எலக்ட்ரானைப் பிடுங்கும் ஆற்றலில்லாத, கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஆணையம் வரம்பு வகுத்தது. உடல் சூட்டை முழுமையாகத் தணித்துக்கொள்ள முடியாத கைக்குழந்தைகள், முதியவர்கள், நோயாளிகள் ஆகியோரையும் கருதித்தான் அந்த 50 மடங்கு. வெளியில் கருவியை வைத்து அளக்கும் அளவாக மாற்றினால், 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இது ஒரு சதுர மீட்டருக்கு 4.5 வாட் ஆகும். இந்தியா 2008இல் இந்தப் பன்னாட்டு வரம்பை ஏற்றுக்கொண்டது. பிறகு மக்களின் கவலையையும் அமைச்சகங்களுக்கிடையேயான குழுவொன்றின் பரிந்துரையையும் கருத்தில் கொண்டு, 2012 செப்டம்பர் 1 முதல் அதைப் பத்தில் ஒரு பங்காக, அதாவது சதுர மீட்டருக்கு 0.45 வாட்டாகக் குறைத்தது. நம் நாட்டில் மக்கள் அஞ்சிக் கேட்ட ஒரு காரியத்தை அரசு செய்து கொடுத்தது என்பதும் இந்த வரலாற்றின் ஒரு பகுதி. ஆனால் எங்கள் தெருக் கூட்டத்தில் இருந்த நாற்பது பேரில் ஒருவருக்குக்கூட இது தெரிந்திருக்கவில்லை.

வரம்பு காகிதத்தில் இருக்கிறது, உண்மையில் நம் மேல் எவ்வளவு விழுகிறது என்பதே அடுத்த கேள்வி. விளக்கின் அடியில் நிழல் என்பார்கள். கோபுரத்துக்கும் அது பொருந்தும். கோபுரத்தில் நெடுக்காகத் தெரியும் பலகை போன்ற ஆன்டெனாக்கள் டார்ச் விளக்கைப் போல அலையை முன்புறமாகக் குவித்து, சில டிகிரி மட்டும் கீழ்நோக்கிச் சாய்த்து அனுப்புகின்றன. எனவே கோபுரம் நிற்கும் வீட்டுக்குள் இருப்பவரைக் காட்டிலும், சற்றுத் தள்ளி, அலையின் பாதையில் இருப்பவர் மீதுதான் கூடுதலாக விழும். ஒரு சாதாரணக் கணக்கை இங்கே போட்டுக் காட்டுகிறேன். ஓர் ஆன்டெனாவுக்கு 20 வாட் திறன் செலுத்தப்படுகிறது, அது ஒரு திசையில் அதை 50 மடங்கு குவிக்கிறது என்று கொள்வோம். அந்தத் திசையில் நிற்பவருக்கு அது 1,000 வாட் மூலத்துக்குச் சமம். 50 மீட்டர் தொலைவில் அந்த 1,000 வாட், ஏறத்தாழ 31,400 சதுர மீட்டர் பரப்புள்ள கோளத்தின் மீது விரிகிறது; வகுத்தால் சதுர மீட்டருக்கு 0.032 வாட். நம் நாட்டு வரம்பில் இது பதினான்கில் ஒரு பங்கு. தொலைவு இரட்டித்தால் அளவு நான்கில் ஒன்றாகும். சுவர் குறுக்கே வந்தால் இன்னும் குறையும்.

இதே கணக்கை 20 மீட்டருக்குப் போட்டால் விடை 0.2 வாட். ஒரே ஆன்டெனாவுக்கு இது வரம்புக்குள் அடங்குகிறது. ஆனால் ஒரே கோபுரத்தில் மூன்று நிறுவனங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று அலைவரிசைகள் என்று சேர்ந்து, அவையெல்லாம் ஒரே திசையை நோக்கியிருந்தால், நேர் எதிரே அதே உயரத்தில் உள்ள மாடியில் வரம்பு தாண்டப்படலாம். இக்காரணத்தால்தான் ஆன்டெனாவுக்கு நேர் எதிரே அதே உயரத்தில் கட்டடம் இருந்தால், ஓர் ஆன்டெனாவுக்கு 20 மீட்டர், இரண்டுக்கு 35 மீட்டர், ஆறு என்றால் 55 மீட்டர் என்று இடைவெளியைத் தொலைத்தொடர்புத் துறை தன் வழிகாட்டுதலில் வகுத்தது. நம் ஊர்களில் எட்டடித் தெருவின் இருபுறமும் வீடுகள் முட்டிக்கொண்டு நிற்கின்றன. கோபுரம் வந்த பிறகு எதிர் வீட்டுக்காரர் இன்னொரு மாடி எழுப்புகிறார். எங்கள் தெருவிலும் எதிர் வீட்டு மாடியில் ஒரு குடும்பம் வடகம் காயவைக்கிறது, கோடையில் அங்கேயே பாய் விரித்துப் படுக்கிறது. கவலைப்பட வேண்டிய இடம் என்று ஒன்று இருக்குமானால் அந்த மாடிதான். தெருமுனையில் உள்ள பள்ளிக்கூடமோ கோபுரத்தின் காலடியில் உள்ள மளிகைக் கடையோ அந்த இடம் ஆகாது. இந்த நுணுக்கத்தை விட்டுவிட்டு ‘கோபுரமே வேண்டாம்’ என்று மட்டும் நாம் எழுதினால், அளந்து பார்த்துச் சரிசெய்யக்கூடிய ஒரு குறையும் பொதுவான கூச்சலோடு சேர்ந்து தள்ளுபடியாகிவிடும்.

நோயைப் பற்றிய ஆய்வுகளுக்கு வருகிறேன். மனுவில் எழுதச் சொல்லி ஒரு தம்பி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியில், ‘உலக சுகாதார நிறுவனமே இதைப் புற்றுநோய் உண்டாக்கும் என்று அறிவித்துவிட்டது’ என்று இருந்தது. அந்த நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2011 மே மாதத்தில் ரேடியோ அலைகளை ‘2பி’ என்ற பிரிவில் சேர்த்தது உண்மை. ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும், சான்று குறைவு’ என்பதே அந்தப் பிரிவின் பொருள். ஆசிய நாடுகளில் மரபாகப் போடும் காய்கறி ஊறுகாயும், கற்றாழை முழு இலைச் சாறும் அதே பிரிவில்தான் உள்ளன. அந்த முடிவுக்கு அடிப்படையாக இருந்தவை தலையோடு ஒட்டிப் பிடித்துப் பேசும் கைபேசியைப் பற்றிய ஆய்வுகள். கோபுரம் போன்ற சூழல் மூலங்களைப் பொறுத்தவரை சான்று போதாது என்றே அம்முகமை கூறியது. செய்தியை அனுப்பிய தம்பிக்கு இந்தப் பின்பகுதி வந்து சேரவில்லை.

கைபேசி ஆய்வுகளில் பெரிதும் பேசப்படுவது, 13 நாடுகளில் நடந்து 2010இல் வெளியான இன்டர்ஃபோன் ஆய்வு. வாழ்நாளில் 1,640 மணி நேரத்துக்கு மேல் பேசியதாகச் சொன்னவர்களிடம் கிளையோமா என்ற மூளைக்கட்டி 40 விழுக்காடு கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் அவர்களில் சிலர் நாள் ஒன்றுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் பேசியதாகக் கூறியிருந்தார்கள். வழக்கமாகக் கைபேசி பயன்படுத்துவோரை மொத்தமாக எடுத்துக்கொண்டால், பயன்படுத்தாதவர்களைவிட அவர்களுக்குக் கட்டி குறைவு என்றும் அதே ஆய்வு காட்டியது. கைபேசி மூளையைக் காக்கிறது என்று யாரும் வாதிடுவதில்லை. பழைய நினைவைக் கேட்டுப் பதிவு செய்யும் முறையில் உள்ள பிழையே இரு பக்கமும் சாய்ந்து தெரிகிறது என்று ஆய்வாளர்களே எச்சரித்தார்கள். பின்னர் இந்தியா உள்ளிட்ட 14 நாடுகளில் 10 முதல் 24 வயது வரையுள்ள இளையோரிடம் நடந்த மோபி கிட்ஸ் ஆய்விலும், கைபேசியால் மூளைக்கட்டி உண்டாகிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. நார்டிக் நாடுகள் எனப்படும் வட ஐரோப்பிய நாடுகளின் புற்றுநோய்ப் பதிவேடுகளிலும், கைபேசி எல்லார் கைக்கும் வந்த பிறகு மூளைக்கட்டிகளின் எண்ணிக்கை அதற்கேற்ப ஏறவில்லை.

கோபுரத்தையே நேராகக் கேள்விக்கு உட்படுத்திய ஆய்வும் உண்டு. பிரிட்டனில் 1999 முதல் 2001 வரை புற்றுநோய் பதிவான, நான்கு வயது வரையிலான 1,397 குழந்தைகளையும், நோயில்லாத 5,588 குழந்தைகளையும் எடுத்துக்கொண்டு, பிறந்தபோது தாய் குடியிருந்த முகவரிக்கு அருகில் எந்தக் கோபுரம் எவ்வளவு திறனோடு இயங்கியது என்று கணக்கிட்டார்கள். 2010இல் வெளியான அதன் முடிவில் இரு கூட்டத்துக்கும் வேறுபாடு தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில் ஆஸ்திரேலியக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு முகமையினர் தலைமையில் 63 ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட அறிக்கை 2024இல் வந்தது. அதுவும் கைபேசிக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை, ஒலிபரப்புக் கோபுரங்களுக்கும் செல்போன் கோபுரங்களுக்கும் குழந்தைகளின் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை.

மறுபக்கத்தை மறைப்பது எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்க அரசின் தேசிய நச்சியல் திட்டம் 2018இல் வெளியிட்ட எலி ஆய்வில், ஆண் எலிகளின் இதயத்தில் ஒரு வகைக் கட்டி உண்டானதற்குத் தெளிவான சான்று இருப்பதாக முடிவு செய்தார்கள். அதை எதிர்ப்பாளர்கள் சுட்டிக்காட்டுவதில் தவறில்லை. ஆனால் அந்த எலிகளின் உடல் முழுவதும் நாள்தோறும் ஒன்பது மணி நேரம், இரண்டு ஆண்டுகள், கிலோவுக்கு 1.5 முதல் 6 வாட் வரை செலுத்தினார்கள். பொதுமக்களின் முழு உடலுக்கான பன்னாட்டு வரம்பைப் போல 19 முதல் 75 மடங்கு வரை அது ஆகிறது. பெண் எலிகளிடம் அத்தகைய தெளிவான சான்று கிடைக்கவில்லை. அலைக்கு ஆளான ஆண் எலிகள், ஆளாகாதவற்றைவிட நீண்ட நாள் வாழ்ந்தன. ஆராய்ச்சி தொடர வேண்டும் என்று சொல்ல இது போதும். எங்கள் தெரு மனுவின் முதல் வரியாக எழுதப் போதாது.

இதைவிட எனக்குக் கடினமாக இருந்தது வேறொன்று. எங்கள் தெருவில் ஒரு சகோதரி மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று மீண்டு வருகிறார். ‘சார், பின் தெருவில் ஏற்கெனவே ஒரு டவர் இருக்கிறதே, எனக்கு இது அதனால்தான் வந்ததா?’ என்று கூட்டம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு தனியாகக் கேட்டார். ‘இல்லை அம்மா’ என்றேன். ‘அப்படியானால் எதனால்?’ என்று கேட்டார். அதற்கு என்னிடம் விடையில்லை. நோய்க்கு ஒரு முகத்தைத் தேடும் மனத்துக்கு எதிரே எண்களை நீட்டுவது எவ்வளவு கடுமையானது என்பதை அன்று உணர்ந்தேன். ஆயினும் அந்த எண்களை இங்கே சொல்லியாக வேண்டும். இந்தியாவில் ஒன்பது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது புற்றுநோய் வரக்கூடும் என்று தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் 2022இல் மதிப்பிட்டது. 250 பேர் வாழும் ஒரு தெருவில், கோபுரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சராசரியாக 28 பேரை அந்நோய் என்றேனும் தொடும். கோபுரம் உள்ள தெருவில் நாம் எண்ணிப் பார்க்கிறோம். இல்லாத தெருவில் யாரும் எண்ணுவதில்லை. ஒரு பகுதியில் நோய் மிகுந்திருப்பதாக மெய்யாகவே ஐயம் எழுந்தால், நோயின் வகை, வயது, கண்டறிந்த ஆண்டு, குடியிருந்த காலம் ஆகியவற்றைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும் முறை இருக்கிறது. சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மக்கள்தொகைப் பதிவேட்டை நடத்தி வரும் மாநிலம் நம்முடையது. அந்த வழியில் கேட்பதற்கு நமக்கு வாய்ப்பு உண்டு.

தூக்கமின்மை, தலைவலி, காதில் இரைச்சல் என்று சொல்பவர்களையும் நான் மதிக்கிறேன். அவர்கள் படும் துன்பம் பொய்யன்று. ஆனால் அலை இயங்குகிறதா நிறுத்தப்பட்டிருக்கிறதா என்பது சோதனைக்கு உள்ளாகிறவருக்கும் தெரியாமல், சோதிப்பவருக்கும் தெரியாமல் நடத்திய ஆய்வுகளில், இத்தகையோரால் அதைக் கண்டறிந்து சொல்ல முடியவில்லை. இயங்குகிறது என்று நம்பிய வேளையில் தலைவலி வந்தது. எனவே மருந்து அச்சத்தைத் தீர்ப்பதில்தான் இருக்கிறது. அச்சம் தீர வேண்டுமானால் உண்மையான அளவு கண்ணில் பட வேண்டும்.

இப்போது நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் செய்திக்கு வருகிறேன். எங்கள் தெருக் கூட்டம் இரண்டு மணி நேரம் நடந்தது. ஆன்டெனாவைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். கோபுரத்தின் காலடியில், பக்கத்து வீட்டுப் படுக்கையறைச் சன்னலிலிருந்து நான்கடி தள்ளி, ஒரு டீசல் ஜெனரேட்டரை வைக்க மேடை கட்டிக்கொண்டிருக்கிறார்களே, அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. டீசல் எந்திரப் புகையை அதே பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012 ஜூன் மாதத்தில் முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பட்டியலில், புகையிலைக்கும் பாக்குக்கும் அருகில் வைத்தது. ஒரே கோபுரத்தின் உச்சியில் ‘கூடும்’ என்ற ஐயத்துக்கு உரிய பொருளும், அடியில் ‘உண்டாக்கும்’ என்று நிறுவப்பட்ட பொருளும் இருக்க, நாம் அண்ணாந்து உச்சியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மின்தடை வரும்போதெல்லாம் அந்தப் புகை சன்னல் வழியே உள்ளே வரும். அதன் இரைச்சலுக்கும் சட்டம் உண்டு: குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வரையறுக்கின்றன. இருபது ஆண்டுகளுக்கு முன் வீட்டுக்காகப் போட்ட தளம், கோபுரத்தையும் மின்கலப் பெட்டிகளையும் ஆடி மாதக் காற்றையும் தாங்குமா என்று கட்டுமானப் பொறியாளர் கையெழுத்திட்ட சான்றிதழ் இருக்கிறதா, இடிதாங்கி முறையாகப் போடப்பட்டதா என்பவையும் கேட்க வேண்டியவை. இவை ஒவ்வொன்றும் அளந்து நிறுவக்கூடிய குறைகள். வழக்கு மன்றத்திலும் நிற்கக்கூடியவை.

நீதிமன்றங்களைப் பற்றியும் ஒரு சொல். ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 2012இல் பள்ளிகள், மருத்துவமனைகள் ஆகியவற்றின் அருகிலிருந்து கோபுரங்களை அகற்ற உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் 2017இல் குவாலியரில் ஒரு கோபுரத்தின் இயக்கத்தை நிறுத்தச் சொன்னது. இவற்றை அறிவியல் தீர்ப்புகளாக எடுத்துக்கொண்டு பலர் எழுதுகிறார்கள். முன்னெச்சரிக்கையாகப் பிறந்த உத்தரவுகள் என்றே நான் அவற்றை வாசிக்கிறேன். முன்னெச்சரிக்கை நல்லதுதான், ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு என்பதை எடை போட வேண்டும். கோபுரம் அருகில் இருக்கும்போது நம் கைபேசி தன் திறனைத் தானே குறைத்துக்கொள்கிறது. தொலைவாகி, சிக்னல் ஒற்றைக் கோட்டுக்கு இறங்கும்போது முழுத் திறனையும் காட்டுகிறது. உடலுக்கு மிக நெருங்கிய மூலம் காதோடு ஒட்டிய அந்தக் கைபேசிதான் என்பதால், தெருக் கோபுரத்தை அகற்றினால் நம் தலைக்குள் சேரும் ஆற்றல் கூடுமே தவிரக் குறையாது. பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோர், லிஃப்டிலும் ஓடும் பேருந்திலும் சிக்னல் குறைவாக உள்ள அறையிலும் நெடுநேரம் பேசாமல் இருப்பதையும், ஒயருள்ள ஹெட்போனையோ ஒலிபெருக்கியையோ பயன்படுத்துவதையும் பழக்கினால், எந்த மனுவையும்விட அது விரைந்து பயன் தரும். இந்தியாவில் விற்கும் கைபேசியிலிருந்து உடலின் ஒரு சிறு பகுதியில் சேரும் ஆற்றலுக்குக் கிலோவுக்கு 1.6 வாட் என்ற தனி வரம்பு உண்டு. பெரும்பாலான கைபேசிகளில் நட்சத்திரக் குறி, ஹாஷ் குறி, 07, மீண்டும் ஹாஷ் குறி என்று அழுத்தினால் அதன் அளவு திரையில் தெரியும். மற்றொரு விலை உயிரோடு தொடர்புடையது. 2018 நவம்பரில் கஜா புயல் நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களைப் புரட்டிப் போட்டபோது, கோபுரங்கள் செயலிழந்து, என் தங்கை குடும்பம் உயிரோடு இருக்கிறதா என்று அறிய எங்களுக்கு மூன்று நாளாயிற்று. நள்ளிரவில் 108 ஆம்புலன்ஸை அழைக்க நேர்ந்தவர்களுக்கும் சிக்னலின் அருமை தெரியும்.

அரசின் மீதும் நிறுவனங்களின் மீதும் எனக்கு உள்ள குறை வேறு. கோபுரம் வரம்புக்குள் இயங்குகிறது என்று நிறுவனங்களே தங்களுக்குச் சான்று அளித்துக்கொள்கின்றன. தொலைத்தொடர்புத் துறையின் களப் பிரிவு அவற்றில் சிலவற்றை எடுத்துச் சோதிக்கும் என்பது ஏற்பாடு. வரம்பை மீறினால் ஒவ்வொரு நிலையத்துக்கும் ரூ.10 லட்சம் வரை அபராதம் என்று 2013இல் உயர்த்தினார்கள். ‘தரங் சஞ்சார்’ என்ற இணையதளம் 2017 மே மாதத்தில் தொடங்கப்பட்டு, ரூ.4,000 கட்டணத்தில் பொதுமக்கள் கேட்கும் இடத்தில் அளந்து காட்டும் வசதியும் அறிவிக்கப்பட்டது. காகிதத்தில் எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் எங்கள் தெருவுக்கான அளவீட்டைப் பற்றிக் கேட்க ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை சென்றேன். ஒவ்வொரு முறையும் வேறு மேசைக்கு அனுப்பினார்கள்; கடைசியாக ஓர் அலுவலர், ‘எல்லாம் வரம்புக்குள்தான் இருக்கும், பயப்படாதீர்கள்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். எண்ணைக் கேட்டு வந்தவனுக்கு ஆறுதலைக் கொடுத்து அனுப்பினால் அவன் சந்தேகத்தோடுதான் வீடு திரும்புவான். கோபுரம் வரப்போகிறது என்று தெருவில் ஒருவரிடமும் சொல்லாமல், விடியற்காலையில் இரும்புத் தளவாடங்களை இறக்கிய நிறுவனமும் இதே தவற்றைத்தான் செய்தது. 2021 மே மாதத்தில், நாட்டில் 5ஜி சேவை தொடங்கப்படாதபோதே, கொரோனாவுக்கு 5ஜி காரணம் என்ற வதந்தி பரவி அரசு மறுப்பு வெளியிட வேண்டியதாயிற்று. அளவு வெளியே தெரியாத இடத்தில் அத்தகைய பேச்சுதான் குடியேறும்.

எனவே மனுவை வேறு விதமாக எழுதினேன். கோபுரம் இயங்கத் தொடங்கும் முன்பும், தொடங்கிய பின்பும், மாலையில் பேச்சு மிகுந்திருக்கும் நேரத்தில், எதிர் வீட்டு மாடியில் அளக்க வேண்டும். அளந்த நாள், இடம், தொலைவு, கிடைத்த அளவு, நாட்டின் வரம்பு ஆகிய ஐந்தையும் தமிழில் எழுதிக் கோபுரத்தின் வாயிலிலும் வார்டு அலுவலகத்திலும் வைக்க வேண்டும். புதிய ஆன்டெனா சேரும்போதெல்லாம் மீண்டும் அளக்க வேண்டும். எங்களைப் போன்ற தெருக்களுக்கும் பள்ளிகளுக்கும் அந்த ரூ.4,000 கட்டணத்தை விலக்க வேண்டும். ஜெனரேட்டரைச் சன்னலருகிலிருந்து அகற்றி, இயன்றால் மின்கலத்தையும் சூரிய ஆற்றலையும் கொண்டு இயக்க வேண்டும். தளத்தின் உறுதிச் சான்றை எங்களுக்குக் காட்ட வேண்டும். இவ்வளவே அந்த மனு. வாசித்துக் காட்டியபோது சிலருக்கு ஏமாற்றம். ‘புற்றுநோய்’ என்ற சொல் இல்லாவிட்டால் யார் திரும்பிப் பார்ப்பார்கள் என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். டீசல் புகை பற்றிய வரியில் அச்சொல் இருப்பதைக் காட்டினேன். ஜெனரேட்டர் மேடைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்தான் முதல் கையெழுத்திட்டார். அந்தச் சகோதரியும் போட்டார்.

மனுவைக் கடந்த திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து, பதிவு எண் பெற்றிருக்கிறோம். எதிர் வீட்டு மாடியில் அளவீடு நடந்து எண் கைக்கு வந்ததும் அதைத் தங்களுக்கு எழுதி அனுப்புவேன். அது வரம்புக்குக் கீழே இருந்தாலும் மேலே இருந்தாலும், இக்கடிதம் வெளியாகும் அதே பக்கத்தில் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர், திருச்சிராப்பள்ளி
(பெயரும் முகவரியும் ஆசிரியருக்குத் தெரிவிக்கப்பட்டுள்ளன)